மருந்து ரூமுக்குள் டிராகன்

அந்த விளையாட்டில் என் வீட்டுக்காரர் ஒரு பெண்பிள்ளை. இடுப்பு வரைக்கும் வெள்ளி நிறத்தில் முடி, ஆட்டுக்காது மாதிரி கூரான காது, உடம்பில் பாதிக்கு இரும்புக் கவசம், மீதிப் பாதிக்கு ஒன்றுமே கிடையாது. முதுகில் ஆளைவிட நீளமாக ஒரு வாள். இப்படி ஒருத்தி பனிமலைமேல் ஓடிக்கொண்டிருக்க, அவளைக் கட்டைவிரலால் ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு சோபாவில் கிடப்பவருக்குத் தொப்பை உண்டு, நரைத்த மீசை உண்டு, சர்க்கரை வியாதியும் உண்டு.

"என்னங்க, யாரு இது?" என்று முதல்நாள் கேட்டேன்.

"நான்தான்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

சீ, கர்மம் என்று தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கம்பெனிக்கு லோடு ஏற்ற வந்த லாரிக்காரர் யாரோ சொல்லிக்கொடுத்தது அது. தீபாவளி முடிந்து அடுத்த ஆர்டர் எடுக்கும் வரைக்கும் எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலை படுத்துவிடும். வெளியே மழை, உள்ளே மனுசனுக்கு வேலை இல்லை. அந்த நேரம் பார்த்துப் பிடித்த சனியன். காசு வேண்டாம், இலவசம், செல்போனில் இறக்கிக்கொண்டால் போதும் என்றாராம். அதற்குள் போனால் மந்திரவாதி, குள்ளன், பூதம், பேசும் பூனை என்று இல்லாத கண்றாவி இல்லை. எந்தெந்த நாட்டு ஆட்களோ ஒரே நேரத்தில் அதற்குள் திரிகிறார்கள். அம்புட்டுப் பேருக்கும் அங்கே என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? ஓநாய் அடிக்க வேண்டும். மூலிகை பறிக்க வேண்டும். கல் உடைக்க வேண்டும். மறுநாளும் அதே ஓநாய், அதே மூலிகை, அதே கல். ஒருநாள் போகாவிட்டால் அன்றைய பரிசு போச்சு. கூலி கொடுக்கிற கம்பெனியில்கூட உடம்புக்கு முடியவில்லை என்றால் லீவு போடலாம். கூலியே இல்லாத இந்த வேலைக்கு லீவே கிடையாது.

இலவசம் என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் அது கையை நீட்டிக்கொண்டு நிற்கும். வைரம் வாங்கு, சிறகு வாங்கு, இந்தப் பெட்டியைத் திற, உள்ளே என்ன இருக்கிறதென்று பார் என்று ஒரே நச்சரிப்பு. இவர் கையை வைத்ததும் பெட்டி திறக்கும், திரை முழுக்க வாணம் வெடிக்கும். பச்சை, ஊதா, தங்கம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாணம் செய்கிற கம்பெனியில் நிற்கிற மனுசன், வீட்டுக்கு வந்து பொய் வாணத்தை வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசுக்குள் அடைக்கிற பொடியை நாங்கள் மருந்து என்போம். அந்த மருந்தைக் கலக்கிற ரூம், அடைக்கிற ரூம், திரி மாட்டுகிற ரூம் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு ரூமில் இத்தனை பேர்தான் உட்காரலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தப்பாமல் பார்த்துக்கொள்கிறவர்தான் போர்மேன். ஒரு காலத்தில் அவர் பெயரைச் சொன்னாலே பொம்பளைகள் பயப்படுவார்கள். நைலான் சேலை கட்டிவந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார், பொறி கிளப்பாத பருத்திதான் கட்ட வேண்டும். செருப்பு வெளியே. கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே. கொண்டை ஊசியைக்கூடக் கழற்றச் சொல்வார். "ஒங்க புருசன் எமகாதகன் டீச்சர்" என்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மார்கள் என்னிடமே சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

நான் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஆசிரியை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மா பட்டாசு வேலை. அதில் பலபேர் என் வீட்டுக்காரர் கம்பெனியில்தான். எங்கேயாவது தூரத்தில் டம்மென்று கேட்டால் என் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். நான் கரும்பலகையைத் துடைக்கிற மாதிரித் திரும்பி நின்று செல்போனில் அவரைக் கூப்பிடுவேன். அவர் போன் கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன்தான் எடுப்பார். "நம்ம கம்பெனி இல்ல டீச்சர்" என்று அவர் சொன்னதும் திரும்பி, பிள்ளைகளைப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். அதற்கப்புறம்தான் வகுப்பில் மூச்சு வரும்.

செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே முதல் சட்டம். கேட்டில் மரத்தால் செய்த ஒரு தட்டு இருக்கிறது, கட்டம் கட்டமாக. போனை அதில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் முதலாளி மகனே உள்ளே போவான்.

சீசன் தொடங்கியபிறகாவது இந்தப் பைத்தியம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. சாப்பிடும்போது டிராகன், படுக்கும்போது டிராகன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்க, ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், வேதாகமத்தை விரித்து அதற்குள் போனை வைத்திருக்கிறார். ஏசப்பா, இந்த மனுசனை நீரே பார்த்துக்கொள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கேட்டால், "ஆட்டோல போட்டிருந்தேன், அதுபாட்டுக்கு ஓநாய் அடிக்கும். நான் பிரசங்கம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்கிறார். ஆட்டோ என்றால் நாம் தொடவே வேண்டாமாம், பொம்மை தானாக அடித்துக்கொண்டே இருக்குமாம். நாம் தொடவே வேண்டாத விளையாட்டை நாம் ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டேன். போனைச் சார்ஜில் செருகினார்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் குப்பையில் என்று ஒருநாள் நானும் அதை இறக்கினேன். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள்தான் போனில் வழி சொன்னாள். "அம்மா, நீயுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். நான் ஒரு குள்ளனைத் தேர்ந்தெடுத்தேன், தாடியும் கோடரியுமாக. குறைந்தபட்சம் அவன் முழுசாக உடுத்தியிருந்தான். விளையாட்டுக்குள் ஆள் சேர்த்து இவர் வைத்திருக்கிற கூட்டத்தின் பெயர் எனக்குத் தெரியும், அதைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். இவர்தான் அதற்குத் தலைவர். உடனே சேர்த்துக்கொண்டார். அடுத்த ரூமில் படுத்துக்கொண்டு எனக்கு எழுதுகிறார்: "வாங்க ப்ரோ, வாங்க. எந்த ஊரு? சாப்டீங்களா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ஒருநாள் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாரா இந்த மனுசன்? முகம் தெரியாத குள்ளனைக் கேட்கிறார். சேலத்துக்காரனுக்கு ஜலதோஷம் சரியாகிவிட்டதா என்று கேட்கிறார். துபாயில் இருக்கிற ஒருத்தனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டதென்று ஆறுதல் சொல்கிறார். "தலைவி, தலைவி" என்று அத்தனை பேரும் இவரைக் கொஞ்சுகிறார்கள். எனக்கு அன்பளிப்பாக ஒரு சிவப்புப் போர்வை வேறு கொடுத்தார், குள்ளன் முதுகில் மாட்டிக்கொள்ள. எங்கள் கல்யாண நாளுக்கு இவர் வாங்கிக்கொடுத்தது ஒரு குக்கர் கேஸ்கட். இந்த மனுசனுக்குள் இவ்வளவு பிரியம் இருந்திருக்கிறது, அத்தனையையும் கொண்டுபோய் அங்கன கொட்டியிருக்கிறார் என்று நினைக்க வயிறு எரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை. வேடிக்கை பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

காலாண்டு விடுமுறை வந்தது. எங்கள் பக்கம் அதுதான் சீசனின் உச்சம். தீபாவளிக்கு லாரி லாரியாகச் சரக்குப் போய்க்கொண்டிருக்கும். கம்பெனியில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. காலை பலகாரம் முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு, ஒரு பொழுதுபோக்குக்குத்தான் அதைத் திறந்தேன். பதினோரு மணிக்கு டிராகன் வரும் என்று திரையில் பறை சாற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டுக்காரன் வைத்த நேரமோ அது, நமக்கு வேலை நேரத்தில் வந்து விழுகிறது. கூட்டத்தில் யார் யார் இப்போது உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு அவரவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

தலைவி பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

வேறு ஊர்ப் பொம்பளையாக இருந்தால், ஆபீஸ் நேரத்தில் விளையாடுகிறார் பாரு என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். எனக்கு முதலில் அப்படிக்கூடத் தோன்றவில்லை. கேட் பக்கம் டீ குடிக்க வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சீசனில் டீ உள்ளேயே வந்துவிடும். ஒருவேளை வேறு வேலையாக ஊருக்குள் வந்திருப்பாரோ? கூட்டத்தில் எழுதிக் கேட்டேன்: "தலைவி, இன்னிக்கு வேலை இல்லியா?"

பதில் உடனே வந்தது. "வேலைலதான் ப்ரோ இருக்கேன். மருந்து ரூம் வாசல்ல." அதற்குப் பின்னால் பல்லைக் காட்டும் பொம்மை ஒன்று. சேலத்துக்காரன் கேட்டான்: "அங்க போன் விடமாட்டாங்கன்னு சொன்னீங்களே?" அதற்கு இவர்: "கேட்ல பழைய போனைக் குடுத்துட்டு வந்துருவேன். அது வாட்ச்மேனுக்கு, இது டிராகனுக்கு."

அத்தனை பேரும் சிரித்தார்கள். கைதட்டும் பொம்மை, நெருப்புப் பொம்மை, இதயம். மருந்து ரூம் வாசலுக்கு நெருப்புப் பொம்மை!

கை தானாக அவருடைய நம்பரை அழுத்தியது. அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம். பயந்தால் போன் போடுவோம். ஒரு மணி அடித்து வெட்டுப்பட்டது. மறுநொடி கூட்டத்தில் அவர் எழுதினார்: "சாரி ப்ரோஸ், வீட்ல இருந்து கால். கட் பண்ணிட்டேன். நீங்க அடிங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட கால் இப்போது மருந்து ரூம் வாசலில், அவர் கையில் அதிர்ந்திருக்கிறது. ஐயோ என்று போனைச் சோபாவில் போட்டுவிட்டேன், அது நெருப்பு என்பதுபோல. போன் மணி அடித்தால் நிஜமாகவே மருந்து தீப்பிடிக்குமா, பிடிக்காதா, எனக்குத் தெரியாது. நான் தமிழ் டீச்சர். ஆனால் விளையாட்டில் நாள் முழுக்கக் கொதிக்கிற போன், காற்றில் அலுமினியப் பவுடர் பறக்கிற இடத்தில், அதை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிற போர்மேன். கொண்டை ஊசியைக் கழற்றச் சொன்ன அதே வாய், அது வாட்ச்மேனுக்கு இது டிராகனுக்கு என்கிறது. அந்த ரூம்களுக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் என் பிள்ளைகளின் அம்மாமார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு நான் வாட்ச்மேனைக் கேட்டதெல்லாம் என்ன கேள்வி? அவரைத் தொட்டுத் தூங்கின உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுபடி போன் போட முடியாது, வாட்ச்மேனுக்கென்று தனி நம்பரும் என்னிடம் இல்லை. எழுதினால் அவர் இன்னும் கொஞ்சநேரம் போனைத்தான் பார்ப்பார். ஸ்கூட்டரை எடுத்தேன். வீட்டைப் பூட்டினேனா என்பதுகூட ஞாபகம் இல்லை. வழி முழுக்க ஏசப்பா ஏசப்பா என்று சொல்லிக்கொண்டும், நடுநடுவே வாயில் வரக்கூடாத வார்த்தையால் அவரைத் திட்டிக்கொண்டும் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். "வாங்க டீச்சர், என்ன வேர்த்து விறுவிறுத்து வந்துருக்கீக?"

"அவுகளக் கொஞ்சம் வெளிய கூப்புடுங்க. அவசரம்."

"போர்மேன் உள்ள மருந்து ரூம்ல நிப்பாரு. போன்கூட இந்தா இங்கனதான் இருக்கு" என்று தட்டைக் காட்டினார். மூலை உடைந்த பழைய போன் ஒன்று கட்டத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைத்திருந்தது அது. எப்போதோ கெட்டுப்போய்விட்டதென்று நான் நினைத்திருந்தேன். நான் போன் போடும்போதெல்லாம் வாட்ச்மேன் எடுக்கட்டும் என்று ஆரம்பத்தில் அவருடைய நிஜப் போன் அங்கே இருந்திருக்கும். சீசன் வந்த பிறகு டம்மென்று எதுவும் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளே ஆள் போய் அவரைக் கூட்டிவந்தார்கள். வெறுங்காலோடு, கையெல்லாம் வெள்ளியாக மினுங்க, வேகமாக நடந்துவந்தார். முகத்தில் பதற்றம் இருந்தது. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார் போல, ஒரு நிமிசம் எனக்கே பாவமாக இருந்தது.

"என்னாச்சு? பிள்ளைக்கா?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. இடுப்புல இருக்குறத எடுங்க."

"என்ன இடுப்புல?"

"எடுங்கங்கேன்."

வாட்ச்மேன் ஒருமாதிரி சிரித்தார், புருசன் பெண்சாதி சண்டை என்று நினைத்திருப்பார். இவர் குரலைத் தாழ்த்தி, "இந்தா, எல்லாரும் பாக்காக, வீட்ல பேசிக்கிடுவோம்" என்றார். நான் கையை நீட்டி அவருடைய சட்டையைத் தூக்கிவிட்டு, பேண்ட் மடிப்புக்குள்ளிருந்து போனை உருவினேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. திரையில் வெள்ளி முடிக்காரி வாளை வீசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே மலையளவு டிராகன். அதன் தலைக்கு மேல் இருந்த சிவப்புக் கோடு கடைசிக்கு வந்திருந்தது.

அந்த நேரத்தில் ஒரு மனுசன் என்ன சொல்வான்? தப்புத்தான் என்பான். இல்லை, கத்துவான். இவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டே நிமிசம் குடு. சாகப்போவுது."

காறித் துப்பினேன். அவர்மேல் இல்லை, தரையில்தான். ஆனால் அவருக்குப் புரிந்தது. வாட்ச்மேனுக்கும் புரிந்தது, அவர் தட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. "சார், நீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மேனேஜர் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் டீ கிளாஸ். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து, நல்லவேளை, ஒருத்தராவது இதை உணர்கிறாரே என்று நினைத்தேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், படிச்சவுக நீங்க. செக்கிங் வர்ற நேரம். வெளிய எங்கனயும் வாயத் தெறந்துறாதீக. நா பாத்துக்கிடுதேன்" என்றார். உள்ளே இருக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த டீயை என்னைக் குடிக்கச் சொன்னார். எனக்கு அவர் கை பட்ட கிளாஸைத் தொடவே மனசு வரவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓசையில்லாமல் வேறு ஊரிலிருந்து ஒரு போர்மேனைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அது போதும் என்று இருந்தது. பொம்பளைகள் பிழைத்தார்கள், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

வீட்டில் அவர் என்னோடு பேசவில்லை. குள்ளன் யார் என்று கண்டுபிடித்துக் கூட்டத்திலிருந்து என்னை வெளியேற்றிவிட்டார். இதற்கிடையில் வேடிக்கைக்காக அதில் சேர்ந்திருந்த மகள் மூலமாகத்தான் தெரிந்தது, தலைவிக்கு வேலை போய்விட்டது என்று அந்தக் கூட்டமே துக்கம் கொண்டாடியிருக்கிறது. துபாய்க்காரன் ஆறுதலுக்கு ஒரு சிறகு அனுப்பினானாம். அதை மாட்டிக்கொண்டு அவள் இன்னும் கொஞ்சம் மினுங்குகிறாள். அந்த வேலை எதற்காகப் போனது என்று அதில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. அத்தனை பேரும் நல்லவர்கள், அத்தனை பேரும் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள். தூ! இவர் இப்போது காலையிலிருந்தே சோபாவில்தான். நான் சோறு வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவர் மெல்லுகிற சத்தம்கூட எனக்கு ஆகவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. ஸ்கூட்டர் பஞ்சரென்று அன்றைக்கு மினி பஸ்ஸில் போனேன். கம்பெனி வேன் வராததால் பட்டாசு வேலைக்குப் போகிற பொம்பளைகள் சிலர் அதில் இருந்தார்கள். என் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். சோற்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்போதும் "வாங்க டீச்சர்" என்று எழுந்து நிற்கிறவள்.

வெட்கப்படுகிறாள், நன்றி சொல்லத் தெரியாமல் முழிக்கிறாள் என்று நினைத்தேன். நானே ஆரம்பித்தேன். "இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாம ஆண்டவர் காப்பாத்துனாரு."

அவள் திரும்பினாள். "நிம்மதியா? எங்க வயித்துல அடிச்சிட்டீகளே டீச்சர், சீசன் நேரத்துல."

எனக்குப் புரியவில்லை. பின் சீட்டில் இருந்தவளும் சேர்ந்துகொண்டாள். புது போர்மேன் ரூமுக்கு நாலு பேருக்குமேல் விடமாட்டேன் என்கிறானாம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருகிறானாம், தீர்ந்தால் போய் வாங்கிவர அலைய வேண்டியிருக்கிறதாம். எண்ணிக்கைக்குத்தான் கூலி, உட்கார்ந்து அடைத்தால்தானே எண்ணிக்கை?

"அவுக அப்பிடிக் கண்டிக்காமலா இருந்தாக? அவுகளுக்குப் பயந்துதான கெடந்தீக?" என்றேன்.

"முன்னாடி. போனு வந்ததுலேருந்து எங்க கண்டிச்சாரு? அவரு பாட்டுக்கு அதப் பாத்துக்கிட்டு நிப்பாரு, நாங்க ஏழெட்டுப் பேரு உள்ள உக்காந்து, வேணுங்கிற மருந்த மொத்தமா வச்சிக்கிட்டு அடைப்போம். மேனேஜர் வந்தா வாசல்ல இருக்குறவ இருமுவா. அவரும் போனச் சொருகிக்கிடுவாரு, நாங்களும் பாதிப்பேரு பின்பக்கமா எந்திரிச்சுப் போயிருவோம்."

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

எட்டுப் பேர், அளவுக்கு மிஞ்சின மருந்து, வாசலில் கொதிக்கிற போன். இத்தனையும் தெரிந்து ஒருத்தி இருமியிருக்கிறாள். அவரை வெறுத்தேன், சரி. மேனேஜரை வெறுத்தேன், அதுவும் சரி. இவளை நான் எப்படி வெறுப்பேன்? ஆனால் வெறுத்தேன். அந்த நேரத்தில் அவளைத்தான் எல்லோரையும்விட அதிகமாக வெறுத்தேன். பிறகு அந்த விரல்களைப் பார்த்தேன், மருந்துப் பொடி ஏறி வெள்ளியாக, நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தன. எண்ணிக்கைக்குக் கூலி என்று சட்டம் போட்டவனை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"ஒனக்கு உசுரு பெருசில்லையா? ஒம் பிள்ளைய நெனச்சுப் பாத்தியா?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அதுக்குப் பீஸு கட்டணுமுல்ல" என்றாள் அவள், கோபமே இல்லாமல்.

நான் இறங்கும் இடம் வந்தது. எழுந்தேன். அவள் என் கைப்பையைப் பிடித்து நிறுத்தினாள். இப்போது அவள் முகத்தில் பழைய மரியாதை வந்திருந்தது, ஏதோ கேட்க வேண்டியிருக்கிறபோது வருகிற மரியாதை.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. சார் வெளையாடுவாருல்ல, அந்த ஆட்டம். அது பேரு என்ன டீச்சர்? புது போர்மேனும் சின்ன வயசுக்காரன்தான். எப்பிடியாவது அவன் போன்ல ஏத்திவிட்டுறலாம்னு பாக்கோம்."

பின் சீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைப்பையை இழுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் நகர ஆரம்பித்த பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பேர மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

நான் சொல்லவில்லை. வகுப்புக்குப் போனேன். முதல் வரிசையில் அவளுடைய பிள்ளை எழுந்து நின்று வணக்கம் சொல்லிற்று.